ஆயுசு நூறு

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வாயிற்படியில் வந்து நின்றால், "உங்களுக்கு ஆயுசு நூறு" என்று சொல்லி வரவேற்பது நம்மவர் வழக்கம். இந்நாட்டில் நம் அண்டை வீட்டு மலாய்க்காரரும் அதே வேளையில் அதே கருத்தில் "பாஞ்சாங் உமுர்" என்கிறார். உமுர் என்பது அரபியிலிருந்து வந்தது. மலாய்மொழியில் அதனோடு வழங்கும் ‘ஊசியா’ என்னும் மற்றொரு சொல்லோ நம் ஆயுசுக்கு உடன்பிறப்பு. இரண்டும் வடமொழி ‘ஆயுஸ்’ என்பதிலிருந்து பிரிந்தவை. சீனர் பிறந்தநாளன்று நீளமான மீயை அறுக்காமல் உண்பதும் இவ்விருப்பத்தின் வேறொரு வடிவமே. ஆசை எல்லார்க்கும் ஒன்றாயினும், அதைச் சொல்லும் சொற்கள் வந்த வழி வேறுவேறு. தமிழில் அவை வந்த வழியை ஒருமுறை நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் தடையின்றி வழங்கும் இச்சொல் வகுப்பறைக்குள் வரும்போதுதான் இடர் தருகிறது. ஆங்கிலத்தில் ‘லாஞ்செவிட்டி’ என்பர்; இலத்தீனில் நீளம் என்னும் சொல்லும் காலம் என்னும் சொல்லும் சேர்ந்து ஆகியது அது. இதனைத் தமிழில் எழுதப் புகுவோருள் ஒருவர் ‘நீண்ட ஆயுள்’ என்கிறார். மற்றொருவர் ‘நீடுவாழ்வு’ என்கிறார். வேறொருவர் ‘வாழ்நாள்’ என்று முடித்துவிடுகிறார். மூன்றும் ஒன்றே என்று பலரும் எண்ணுகின்றனர். ஒன்றல்ல. இவற்றை ஒன்றெனக் கொண்டதால் நம் மக்கள் இம்மண்ணில் கொடுத்த விலை சிறிதன்று. அதைக் காட்டப் பழைய நூல்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆசிரிய நண்பர்கள் பொறுத்தருள்க.

தும்மலும் வாழ்த்தும்

திருக்குறளின் இறுதிக்கு முந்திய அதிகாரம் புலவி நுணுக்கம். அதில் ஊடிப் பேசாதிருக்கும் தலைவி ஒருத்தி தன் தோழியிடம் கூறுகிறாள்: யான் ஊடி வாய் மூடியிருந்தேன், அவரோ வேண்டுமென்றே தும்மினார், தும்மினால் ‘நீடு வாழ்க’ என்று யான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதே அதிகாரத்தில் பின்னர்த் தலைவன் பேசுகிறான்: யான் தும்மினேன், அவள் வாழ்த்தினாள், வாழ்த்திய வாயாலேயே, ‘எவள் நினைத்ததால் தும்மினீர்?’ என்று அழத் தொடங்கினாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிப் பார்க்கிறான், அதற்கும் அழுகை, உம்மை நினைப்பவரை எமக்கு மறைக்கிறீரோ என்று. வள்ளுவரின் நகைச்சுவையை மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் இன்பத்துப்பால் என்றதும் நம் பள்ளிகளில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

இங்கே நாம் கருதவேண்டியது நகைச்சுவை அன்று, வழக்கம். தும்மியவரை நீடு வாழ்க என்பது அன்றே எண்ணிப் பாராமல் வாயில் வரும் சொல்லாக இருந்திருக்கிறது. கணவன்மேல் சினந்திருப்பவளும் அதை மறுக்க இயலாத அளவுக்கு அது கடமையாகவும் இருந்திருக்கிறது. இன்றும் குழந்தை தும்மினால் "நூறு" என்றும், மறுமுறை தும்மினால் "இருநூறு" என்றும் சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளில் உண்டு. சொல் மாறியிருக்கிறது, செயல் மாறவில்லை.

இந்த ‘வாழ்க’ என்னும் சொல்லை இலக்கணத்தார் வியங்கோள் வினைமுற்று என்பர். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் பொருள்களில் அது வரும். தொல்காப்பியர், வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்று வரையறுத்தார். பவணந்தியார் காலத்தில் வழக்கு விரிந்துவிட்டது. எல்லா இடத்தும் எல்லாப் பாலிலும் வரும் என்று அவர் நன்னூலில் விதித்தார். விதி விரிந்தாலும், நடைமுறையில் ‘யான் நீடு வாழ்க’ என்று தன்னைத் தானே வாழ்த்திக்கொள்வார் எவரும் இலர். நீடுவாழ்வு தமிழில் பிறர் ஒருவர் வாயால் நமக்கு வருவது.

அவ்வாழ்த்து எத்துணைப் பெருவழக்காய் இருந்தது என்பதற்கு மற்றொரு சான்றும் இலக்கணத்திலேயே உண்டு. நன்னூலார் முன்னிலை அசைச்சொற்களை அடுக்கும்போது மியா, இக, மோ, மதி என்பவற்றோடு ‘வாழிய’ என்பதையும் சேர்க்கிறார். அசைச்சொல்லாவது தனக்கெனப் பொருளின்றி நின்று இசை நிரப்புவது. எதிரில் நிற்பவரை வாழ்த்தி வாழ்த்திப் பழகிய வாய், இறுதியில் பொருள் கருதாமலே அச்சொல்லைச் சொல்லப் பழகிவிட்டது. ஒரு மொழியில் வாழ்த்துச்சொல் தேய்ந்து அசைச்சொல்லாகும் வரை மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்தினர் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

என்ன வேண்டினர்?

சங்க காலத்தார் நீடுவாழ்வை வேண்டியபோது அதனோடு எவற்றைச் சேர்த்து வேண்டினர் என்று நோக்கினால் பொருள் இன்னும் தெளிவாகும். ஐங்குறுநூற்றின் முதற்பத்து வேட்கைப் பத்து. ஓரம்போகியார் பாடியது. பத்துப் பாட்டும் ஆதன், அவினி என்னும் தலைவரை வாழ்த்தித் தொடங்குகின்றன. வாழ்த்திய வாய் அங்கே நின்றுவிடவில்லை. ஒரு பாட்டில் நெல் பொலிய வேண்டும் என்கிறாள் தலைவி. ஒரு பாட்டில் பசி இல்லாமற் போகவேண்டும், பிணி நெடுந்தொலைவு விலகவேண்டும் என்கிறாள். மற்றொன்றில் வேந்தரின் பகை தணிந்து ஆண்டுகள் பல பெருகவேண்டும் என்கிறாள். வேறிடத்தில் அரசு முறை செய்யவேண்டும், களவு ஒழியவேண்டும், மழை தவறாது பெய்யவேண்டும் என்கிறாள். பசி, பிணி, போர், முறைகேடு ஆகியவை ஒழிந்த இடத்தில்தான் ஆண்டுகள் பலவாகும் என்பதை இதனினும் விளங்கச் சொல்வார் யார்?

புறநானூற்றில் பிசிராந்தையார் பாட்டு அனைவரும் அறிந்ததே. ஆண்டு பலவாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி? என்று வினவியோர்க்கு அவர் விடை கூறுகிறார். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தையே கருதும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றுக்கு மேலாக, ஆன்றவிந்து அடங்கிய சான்றோர் பலர் வாழும் ஊர். இதில் பிறந்த நேரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தலையெழுத்தைப் பற்றியும் இல்லை. வீடும், அரசும், ஊரும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இளமையாய் நெடுநாள் இருந்த அப்புலவர்தாம், வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடிவந்து அவனோடு தாமும் உயிர் துறந்தவர் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். நீண்ட வாழ்வைப் போற்றியவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

ஔவையார்க்கு அதியமான் நெல்லிக்கனி ஈந்த செய்தியும் இத்தகையதே. அது பிற்காலக் கதையன்று. புறநானூற்றிலும் சிறுபாணாற்றுப்படையிலும் உள்ளது. சாவை நீக்கும் கனியைப் பெற்ற அரசன் அதைத் தான் உண்ணவில்லை. உண்ட புலவர் அவனை நிலைபெற்று வாழ்க என்று வாழ்த்துகிறார். கனி ஒருவருக்கு, வாழ்த்து மற்றவருக்கு.

அக்காலத்தில் ஆண்டுக் கணக்கே இல்லையா எனின், உண்டு. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் 58 ஆண்டும், செங்குட்டுவன் 55 ஆண்டும், இளஞ்சேரல் இரும்பொறை 16 ஆண்டும் வீற்றிருந்ததாகக் குறிக்கின்றன. பிற்காலக் கல்வெட்டுகளும் ‘யாண்டு’ என்று தொடங்கியே மன்னர் காலத்தை எண்ணுகின்றன. இவை ஆட்சியின் நீளங்கள். வாழ்வின் நீளங்கள் அல்ல. கல்வெட்டில் நெடுங்காலம் நிற்கவேண்டும் என்று வேண்டப்படுவதோ கொடுத்த நிலமும் ஏற்றிய விளக்குமே. ‘சந்திராதித்தவல்’, அதாவது நிலவும் ஞாயிறும் உள்ளவரை. பல்லாண்டு என்னும் சொல்லை எடுத்த பெரியாழ்வார் அதை மனிதர்க்குப் பாடாமல் திருமாலுக்கே பாடினார். சேந்தனார் சிவபெருமானுக்குப் பாடினார். இறப்பே இல்லாதவனைப் பல்லாண்டு வாழ்க என்பது பொருந்துமா என்று தருக்கம் செய்வார் செய்க. அன்புடையார் வாயில் வாழ்த்து கணக்குப் பார்த்து வருவதில்லை.

மருத்துவரும் கணியரும்

இனி, ‘ஆயுள்’ என்னும் சொல்லுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரத்துத் தெருக்களை வருணிக்கும் இந்திரவிழவூரெடுத்த காதையில், ஆயுள்வேதர் இருக்கையையும் காலக்கணிதர் இருக்கையையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்கிறார். முன்னவர் மருத்துவர், பின்னவர் நாள்கோள் கணிப்போர். இருவரும் ஆயுளைப் பற்றிப் பேசுவோர். மருத்துவர் பேசும் ஆயுள் உணவாலும் மருந்தாலும் ஒழுக்கத்தாலும் காக்கப்படுவது. கணியர் பேசும் ஆயுளோ பிறந்த நாழிகையிலேயே அளந்து வைக்கப்பட்டது. ஒரே சொல், அடுத்தடுத்த இரு வாயில்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் நம் மக்கள் பேச்சில் கணியர் வாயிலே அகலத் திறந்தது.

கணியர் கணக்கு அழகான கணக்கு என்பதை மறுப்பதற்கில்லை. மனிதனின் முழு ஆயுள் 120 ஆண்டு. ஞாயிறு 6, திங்கள் 10, செவ்வாய் 7, இராகு 18, வியாழன் 16, சனி 19, புதன் 17, கேது 7, வெள்ளி 20. கூட்டினால் 120 வரும். வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டில் ஒருமுறை சுற்றும், சனி ஏறத்தாழ 30 ஆண்டில்; ஐந்து வியாழச் சுற்றும் இரண்டு சனிச் சுற்றும் கூடும் இடம் 60. அங்கே மணிவிழா. எண்பதில் ஆயிரம் பிறை கண்டவர் என்று விழா எடுப்பர். இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு கணக்காகவே கொடுக்கலாம். பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்று மிகுதி. ஆயிரம் பிறைக்கு 29,530 நாள். அதாவது 80 ஆண்டும் 10 மாதமும். எண்பது நிறைந்தவுடன் விழா எடுப்பவர்க்குச் சில பிறைகள் இன்னும் பாக்கி. அதைப் போய் அவரிடம் சொல்லாதிருப்பது நல்லது.

விழாக்களில் தீங்கில்லை. தீங்கு பேச்சுவழக்கில் புகுந்தது. ஆயுசு என்னும் பெயர்ச்சொல்லோடு நாம் சேர்க்கும் வினைகளைப் பாருங்கள். ஆயுசு தீர்ந்தது, ஆயுசு முடிந்தது, ஆயுசு கெட்டி, ஆயுசு குறைச்சல், அற்ப ஆயுசு. குதிரில் கொட்டிவைத்த நெல்லைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. இத்தனை மரக்கால் என்று அளந்து போட்டாயிற்று, தீர்ந்தால் தீர்ந்ததுதான். ‘வாழ்க’ என்னும் வினையை இவ்வாறு பேச முடியாது. ஒருவர் உயிர்நீங்கினால், ‘ஏன் இறந்தார்?’ என்னும் வினாவுக்கு ‘ஆயுசு முடிந்தது’ என்பது விடைபோல் நிற்கிறது. உண்மையில் அது விடையன்று. வினாவையே வேறு சொல்லால் திருப்பிச் சொல்வது.

பெண்களுக்கு இன்னும் ஒரு படி கீழே. மணமகனைத் தீர்க்காயுசாய் இரு என்று வாழ்த்துவோர் மணமகளைத் தீர்க்க சுமங்கலியாய் இரு என்கின்றனர். அவளுக்கு வேண்டப்படுவதும் அவன் ஆயுளே. இதைப் பற்றி விரித்தெழுதப் பெண் ஆசிரியர்களே தகுதியுடையோர்.

இக்குறை வடசொல்லால் வந்தது என்று சொல்ல நான் துணியேன். வடமொழியில் ஆயுர்வேதம் என்றாலே ஆயுளைக் காக்கும் அறிவு. நூறு கூதிர்காலம் காணவேண்டும் என்று வேதப் புலவர் வேண்டியது ஊக்கத்தால் எழுந்த வேண்டுதல். நம் தமிழிலும் ஊழ் என்னும் தூய தமிழ்ச்சொல் இதே வேலையைச் செய்திருக்கிறது. ஆகவே சொல்லின் பிறப்பைக் குறைகூறிப் பயனில்லை. வழக்கையே ஆராய வேண்டும்.

கணியருக்கு ஈடாக மேல்நாட்டில் வேறொருவகைக் கணக்கர் தோன்றினர். வால்மீனால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693இல் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். எந்த வயதில் எத்தனைபேர் எஞ்சியிருப்பர் என்று அது காட்டியது. இன்று நாம் கட்டும் ஆயுள் காப்புறுதிக்கு அவ்வகை அட்டவணையே அடிப்படை. கணியர் ஒருவருடைய ஆயுளைச் சொல்வதாகக் கூறுவார். அட்டவணை ஒருவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது, ஆயிரம்பேரைப் பற்றிச் சொல்லும். அதைவிடப் பெரிய வேறுபாடு, அட்டவணையின் எண்கள் மாறும் என்பது. ஊரில் நல்ல தண்ணீர் வந்தால் மாறும். பஞ்சம் வந்தாலும் மாறும்.

லயத்தில் ஆயுசு

இவ்விருவகைக் கணக்கும் நேருக்குநேர் சந்தித்த இடம் நம் மலாயாத் தோட்டங்கள். ரப்பர் நடுவதற்காகக் காடு திறக்கப்பட்ட இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்தனர். முதற்காரணம் குளிர்காய்ச்சல் என்று நம்மவர் சொன்ன மலேரியா. தோட்ட நிருவாகங்களும் அரசாங்கமும் ஆண்டறிக்கைகளில் ஆயிரம் ஆளுக்கு இத்தனை சாவு என்று கணக்கு எழுதின. லயத்தில் இருந்தவர்கள் ஆயுசு அவ்வளவுதான் என்றனர்.

1901இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அதே ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியாவால் மூடப்படும் நிலைக்கு வந்தது. கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பிச் சதுப்பை வடித்தார், புதரை வெட்டுவித்தார், வாய்க்கால் எடுப்பித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் விரைந்து தணிந்தது. பின்னர் அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது, வியப்பு, காய்ச்சல் பெருகியது! காரணம் பின்னரே விளங்கிற்று. கரையோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. மரத்தை வெட்டினால் அது அழியும். மலையோரத்துக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடையில் வளர்வது. மரத்தை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே மலைத்தோட்டங்களில் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய்வழி செலுத்தவும், திறந்த நீரில் எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது. முதுகில் தகரப்பீப்பாய் சுமந்து எண்ணெய் அடித்துச் சென்ற ஆள்களைப் பற்றிப் பழைய தோட்டத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நூறாண்டு வாழ்க என்று எவரையும் வாய்திறந்து வாழ்த்தாமலே பலரை வாழவைத்தவர்கள் அவர்கள்.

இன்னொரு செய்தி, நமக்குச் சற்று மகிழ்ச்சி தருவது. அதே காலத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் கால்களை மரக்கச்செய்தும் வீங்கச்செய்தும் ஆயிரக்கணக்கில் உயிர் குடித்தது. சுரங்கங்களில் உழைத்த சீனர் மிகுதியாய் மாண்டனர். தமிழர் பெரும்பாலும் தப்பினர். தமிழரின் ஆயுசு கெட்டி என்று யாரேனும் சொல்லியிருக்கலாம். நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் என்பவர் அப்படிச் சொல்லாமல், அவரவர் உண்ணும் சோற்றைப் பார்த்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907இல் அவர் இதை நூலாக எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் 1909இல் வெளியிட்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது இன்று நாம் அறிந்தது. நம் பாட்டிமார் அறிந்தது புழுங்கலரிசி பசி தாங்கும் என்பது மட்டுமே. சோறுதான் தமிழரைக் காத்தது, கோள்கள் அல்ல.

1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரம்பேர் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அங்கேயே மடிந்தனர். பெரும்பாலோர் இளைஞர். அத்தனை இளைஞருக்கும் ஒரே ஆண்டில் ஆயுசு முடிந்தது என்று சொல்லும் சாதகம் எங்கே இருந்தது?

என் பாட்டி தம் பிள்ளைகளுள் மூவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். எப்போது கேட்டாலும், "அதுகளுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்" என்பதே அவர் விடை. அச்சொல் அவருக்கு ஆறுதலாக இருந்தது என்பதை நான் அறிவேன். அந்த ஆறுதலைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே சொல் கங்காணிக்கும் துரைக்கும் தோதாக இருந்தது. ஆயுசு முடிந்து செத்தவனுக்காக எவரும் வாய்க்கால் வெட்டித்தர வேண்டியதில்லை.

வகுப்பறையில்

1957இல், மலாயா விடுதலை பெற்ற ஆண்டில், பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட வாழ்நாள் ஆணுக்கு ஏறத்தாழ 56, பெண்ணுக்கு ஏறத்தாழ 58. இன்று நாட்டின் சராசரி இருபாலார்க்கும் எழுபதைக் கடந்துவிட்டது. இத்தகைய எண்களை மாணவர்முன் வைக்கும்போது ஒரு மயக்கம் எழுவது இயல்பு. ‘அக்காலத்தில் 56 வயதில் எல்லாரும் இறந்தார்களா? எங்கள் கொள்ளுத்தாத்தா தொண்ணூறு வரை இருந்தாரே!’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். கரும்பலகையில் ஐந்து பேரை எழுதுங்கள். இருவர் ஒரு வயதில் இறந்தனர். மூவர் 75 வயதில் இறந்தனர். வயதுகளைக் கூட்டினால் 227. ஐந்தால் வகுத்தால் 45 சொச்சம். அந்த ஐவருள் 45 வயதில் இறந்தவர் ஒருவரும் இல்லை. சராசரி குறைவாயிருப்பதற்குக் கிழவர் இல்லாமை காரணமன்று; குழந்தைகள் இறந்தமையே பெருங்காரணம். என் பாட்டியின் மூன்று பிள்ளைகளும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள்.

ஆகவே சொற்களைப் பிரித்துக் கொடுப்பது ஆசிரியர் கடமை என்று கருதுகிறேன். ஒருவர் பிறந்தது முதல் இறக்கும் வரையுள்ள கால அளவு வாழ்நாள். ஒரு மக்கட்கூட்டத்திற்குக் கணித்துச் சொல்வது சராசரி வாழ்நாள். பலர் முதுமை கண்டு நெடுநாள் வாழும் நிலைமை நீடுவாழ்வு. ‘லாஞ்செவிட்டி’க்கு இதுவே பொருந்தும். வள்ளுவர் தும்மலுக்கும் கடவுள் வாழ்த்துக்கும் ஒருங்கே பயன்படுத்திய வேரிலிருந்து வருவதால், இதில் அளந்து வைத்த பொருள் இல்லை. ஆயுள் என்பதை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயுள் காப்புறுதி, ஆயுள் தண்டனை, ஆயுட்கால உறுப்பினர் என்று அது ஊன்றி நிற்கும் இடங்கள் பல. வாழ்நாள் முழுமையும் என்பதே அங்கெல்லாம் பொருள், மயக்கம் இல்லை. நலவியல் பாடத்திலும் அறிவியல் பாடத்திலும் அது புகுந்தால்தான் மயக்கம்.

இது வெறுஞ்சொல் பற்றிய வழக்கு என்று நினைப்பார்க்கு ஒன்று கூறுவேன். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாணவன் தன் தாத்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதினான். நன்றாகவே எழுதியிருந்தான். தாத்தாவுக்கு இனிப்பு நீர் இருந்தது, காலில் புண் வந்தது, மருந்தை நிறுத்திவிட்டார், காலை எடுத்தனர், பிறகு ‘ஆயுசு முடிந்துவிட்டதால்’ இறந்தார் என்று முடித்திருந்தான். பிழை ஒன்றும் இல்லாத வாக்கியம். நான் அதன்கீழ்ச் சிவப்பு மையில் கோடிடவில்லை. ஆனால் மறுநாள் நலவியல் பாடத்தில் இனிப்பு நீரைப் பற்றி ஒருமணி நேரம் பேசினேன். இந்நாட்டில் இந்நோய் மிகுதியாய்ப் பற்றியிருப்பது நம்மவரிடையேதான் என்று அரசாங்க நல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. நம் ஆடவரின் சராசரி வாழ்நாள் சீன ஆடவருடையதைவிடச் சில ஆண்டுகள் குறைவு. பிசிராந்தையாரிடம் வினவியதுபோல் நம்மிடம் யாரேனும் காரணம் வினவினால், வீடு, கடை, வேலை, உணவு, மருந்து என்று வரிசையாய் விடை சொல்லக்கூடிய பிள்ளைகள் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாற்றப்பட்டும் வருவதால், அவற்றின் இடுகாடுகளும் ஒவ்வொன்றாய் மறைந்துவருகின்றன. பெரும்பாலான குழிமேடுகளுக்குக் கல் கிடையாது. கல் உள்ளவற்றில் பெயர், தோற்றம், மறைவு என்னும் மூன்றும் இருக்கும். அத்தகைய இடுகாடு பள்ளிக்கு அருகில் இன்னும் எஞ்சியிருக்குமாயின், ஆறாம் ஆண்டு மாணவரை அழைத்துச் சென்று அவ்வாண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். தோற்ற ஆண்டை மறைவாண்டிலிருந்து கழித்தால் ஒவ்வொருவர் வாழ்நாளும் கிடைக்கும். பத்தாண்டுக்கு ஒரு பிரிவாக வைத்துச் சராசரி காணச் சொல்லுங்கள். இறந்தோரை மட்டும் கொண்ட கணக்காதலின் இது நாட்டுக் கணக்கோடு ஒத்துவராது. கல் நாட்ட வசதியற்றோரும் பச்சிளங்குழந்தைகளும் இதில் இடம்பெறார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கல்லில் ‘தோற்றம்’ என்று மட்டும் பொறித்து ஆண்டை எழுதாமல் விட்டிருப்பதையும் காண்பீர்கள். கப்பலேறி வந்தவர் பலர்க்குத் தாம் பிறந்த ஆண்டு தெரியாது. அவற்றைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்க.